“புத்திரரில்லாமல் மரித்தான்”: துக்க வீட்டிலிருந்து வம்ச அட்டவணைகளை வாசிக்கிறவர்களுக்கு

பழைய ஏற்பாட்டில் ஒன்று நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் வம்ச அட்டவணைகள், மொத்தம் 407 வசனங்கள். ஒரு வருஷத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணையை வைத்து வாசிக்கிறவர்கள் இதை மூன்று நாலு நாளில் தாண்டிவிடுவார்கள். பலர் பெயர்களைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, சவுல் சாகிற பத்தாம் அதிகாரத்தில்தான் மறுபடி வாசிக்கத் தொடங்குவார்கள். வீட்டில் சாவு விழுந்த வருஷத்தில் எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. இரண்டாம் அதிகாரம் 30ஆம் வசனத்தில் “சேலேத் புத்திரரில்லாமல் மரித்தான்” என்று இருக்கிறது. அவ்வளவுதான், அவனைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் கிடையாது. அந்த வசனத்தில் நின்றவள் ஏழு வாரம் இந்த ஒன்பது அதிகாரங்களுக்குள்ளேயே இருந்தேன். அதில் மூன்று வாரம் வீணாய்ப் போனது. யாராவது முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும், சில நாள் அழுகையும் குறைந்திருக்கும்.

முதல் தவறு, ஆதாமிலிருந்து தொடங்கியது. இந்த அட்டவணையை யார் எதற்காக எழுதி வைத்தார்கள் என்று தெரியாமல் முதல் அதிகாரத்துக்குள் இறங்கினால் ஐம்பது வசனத்துக்குள் மூச்சு முட்டிவிடும். ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை முதலில் வாசியுங்கள். யூதா தன் துரோகத்தினிமித்தம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டது, பிறகு தங்கள் காணியாட்சிகளில், அதாவது பரம்பரை நிலங்களில், முதலாவது வந்து குடியேறியவர்கள் இவர்கள் என்று அங்கே இருக்கிறது. அதாவது இது ஊரும் ஆலயமும் ராஜாவும் போய், திரும்பி வந்து, யார் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தவர்களின் கையில் இருந்த பட்டியல். அடுத்து எஸ்றா இரண்டாம் அதிகாரம். திரும்பி வந்த சபையார் 42,360 பேர். அதில் 652 பேரால் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட முடியவில்லை. (நெகேமியா ஏழாம் அதிகாரத்தில் அதே கணக்கு 642 என்று வரும். இரண்டு பிரதிகளுக்கு நடுவில் நேர்ந்த வித்தியாசம். அதில் உட்கார வேண்டாம்.) ஆசாரியர்களிலும் சில குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாததால் ஊழியத்துக்கு விலக்கமானவர்கள் என்று எண்ணப்பட்டார்கள். அதில் ஒரு குடும்பம், முப்பாட்டன் பெண் எடுத்த வீட்டின் பேரை வைத்துக்கொண்ட பர்சிலாயின் குடும்பம். பேர் ஏட்டில் இல்லாவிட்டால் பலிபீடத்தின் பங்கு இல்லை, சாப்பாடு இல்லை. பட்டியலில் ஒரு பேர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் அந்த ஜனத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று இது புரிந்த பிறகு சேலேத்திடம் திரும்பி வாருங்கள். அவனால் யாருக்கும் காணியாட்சி வரப்போவதில்லை. அவனை வைத்து யாரும் தன் வம்சத்தை நிரூபிக்கப் போவதில்லை. கணக்குப் பார்க்கிற எவனும் முதலில் வெட்டிவிடக்கூடிய பேர் அது. இரண்டு வசனம் தள்ளி யெத்தெர், அவனும் புத்திரரில்லாமல் மரித்தான். இரண்டு பேரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்கடுத்து 34ஆம் வசனத்தில் சேசான். இவனுக்கு மகன் இல்லை, பெண்பிள்ளைகள்தான். வீட்டில் யர்கா என்று ஒரு எகிப்திய வேலைக்காரன். சேசான் தன் மகளை அவனுக்குக் கட்டிக் கொடுத்தான், அவள் அத்தாயியைப் பெற்றாள். அத்தாயியிலிருந்து எலிஷாமா வரை பதின்மூன்று தலைமுறை வரிசையாக ஓடுகிறது. யூதா கோத்திரத்துப் பட்டியலுக்கு நடுவில் ஒரு அடிமையின் வழியாக, ஒரு பெண்ணின் வழியாக ஓடுகிற கிளை. அந்த மகளின் பேர் அங்கே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் சேலேத்தையும் சேசானையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவனுக்கு வழி பிறந்தது, இன்னொருவனுக்குப் பிறக்கவில்லை. எழுதினவர் இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை. சேலேத் செய்த பாவம் என்ன என்று தேடிக்கொண்டு நான் சில நாள் செலவழித்தேன். அப்படி ஒன்று எழுதப்படவில்லை. பாவத்தினால் செத்தவனை இந்தப் புஸ்தகம் மறைக்காமல் சொல்லிவிடும். அதே அதிகாரம் மூன்றாம் வசனத்தில் யூதாவின் மூத்த மகன் ஏர் பொல்லாதவனாயிருந்ததால் கர்த்தர் அவனைக் கொன்றார் என்று பச்சையாகச் சொல்கிறது. சொல்லாத இடத்தில் நாமாக ஒரு பாவத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. பிள்ளையில்லாத வீடுகளில் போய் “ஏதோ இருக்கும்” என்று பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

இரண்டாவது வீண், வரைபடம். கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 350 ரூபாய் கொடுத்து ஆதாம் முதல் இயேசு வரை என்று ஒரு பெரிய வம்ச வரைபடம் வாங்கினேன். அதில் சேலேத் இல்லை, யெத்தெர் இல்லை, எப்பிராயீமின் செத்த பிள்ளைகள் இல்லை. அந்த மாதிரி வரைபடங்கள் மேலேயிருந்து கீழே ஒரே கோட்டில் போகும். கோடு நின்றுபோன இடங்களை அச்சிடுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். பிறகு சார்ட் பேப்பர் வாங்கி நானே வரையப் பார்த்தேன். அது மூன்று இடத்தில் உடையும். ஒன்று, “தகப்பன்” என்ற சொல். “பெத்லெகேமின் தகப்பன் சல்மா” என்று வந்தால் பெத்லெகேம் ஒரு பிள்ளை இல்லை, ஊர். ஊரை உண்டாக்கினவனையும் அதன் மூப்பனையும் தகப்பன் என்றே சொல்வார்கள். இரண்டும் நாலும் அதிகாரங்களில் இது நிறைய வரும். இரண்டாவது, “குமாரன்” என்றால் பேரனாகவும் இருக்கலாம், அதற்குக் கீழேயும் இருக்கலாம். மத்தேயு முதல் அதிகாரத்தில் யோராம் உசியாவைப் பெற்றான் என்று இருக்கிறது. ஒன்று நாளாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் பார்த்தால் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். மூவரும் கொலையாகிச் செத்தவர்கள். மூன்றாவது, ஒரே பேர் பலருக்கு. பெரீயா என்ற பேரில் இந்தப் புஸ்தகத்தில் நாலு பேர் இருக்கிறார்கள்: எப்பிராயீமின் மகன், ஆசேரின் மகன், பென்யமீன் கோத்திரத்தான், ஒரு லேவியன். ஏழாம் அதிகாரத்தில் காத் ஊரார் எப்பிராயீமின் பிள்ளைகளைக் கொல்கிறார்கள். எட்டாம் அதிகாரம் 13ஆம் வசனத்தில் ஒரு பெரீயா காத்தின் குடிகளைத் துரத்துகிறான். அண்ணன்மார் சாவுக்குத் தம்பி பழிவாங்கினான் என்று நினைத்து நான் பெரிய கோடு இழுத்து வைத்திருந்தேன். அவன் பென்யமீன் கோத்திரத்தான், வேறு வீட்டுக்காரன். முழு வரைபடம் போடாதீர்கள். ஒரு கோத்திரத்துக்கு ஒரு தாள், பேருக்குப் பக்கத்திலேயே வசன எண், அது போதும். ஓரத்தில் ஒத்தவாக்கியங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள்) அச்சிட்ட வேதாகமம் கையில் இருந்தால் வரைபடமே தேவையில்லை.

எதைத் தேடி வாசிப்பது? பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். “பெற்றான், பெற்றான், இவன் குமாரன்” என்று ஓடிக்கொண்டிருக்கும் வாசகம் எங்கே தடுக்கி நிற்கிறதோ அங்கே மட்டும் ஒரு கோடு. பழைய திருப்புதலில், அதாவது சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், அந்த இடங்களைக் காட்டிக் கொடுக்கிற சொற்கள் கொஞ்சம்தான்: புத்திரரில்லாமல், குமாரத்திகளேயல்லாமல், மரிக்குமுன்னே, துக்கம், தீங்கு, சிறைப்பட்டு. ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் “மரித்தான்” என்று எட்டு முறை வருகிறது, அதுவே ஒரு ஒப்பாரி மாதிரி. பதினோராம் அதிகாரத்தில் அந்த வார்த்தை இல்லாமலே பட்டியல் வேகமாக ஓடுகிறது. ஓடி வந்து 28ஆம் வசனத்தில் நிற்கிறது. ஆரான் தன் தகப்பன் தேராகு மரிக்குமுன்னே மரித்தான். இரண்டு வசனம் தள்ளிச் சாராய் மலடி. ஆபிரகாமின் கதை தொடங்குவதற்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தது இதுதான்: பிள்ளையை இழந்த ஒரு தகப்பன், தகப்பனை இழந்த லோத்து, பிள்ளை இல்லாத ஒரு மருமகள்.

மறுபடி நாளாகமம். மூன்றாம் அதிகாரம் தாவீதின் பிள்ளைகள். வெறும் பேர்தான். ஆனால் இரண்டு சாமுவேலைத் தெரிந்தவர்களுக்கு இதை வாசிப்பது கஷ்டம். அம்னோன் முதலாவது, அப்சலோம் மூன்றாவது, அதோனியா நாலாவது. அம்னோனை அப்சலோமின் ஆட்கள் கொன்றார்கள், அப்சலோமை யோவாபின் கூட்டம் கொன்றது, அதோனியாவைச் சாலொமோன் கொல்லச் சொன்னான். ஒன்பதாம் வசனத்தின் கடைசியில் இவர்களுடைய சகோதரி தாமார். அம்னோன் அவளைக் கெடுத்ததை நாளாகமம் எங்கேயும் சொல்லாது, அவள் பேரை மட்டும் விடாது. அப்சலோம் தனக்குப் பிறந்த மகளுக்குத் தாமார் என்று பேர் வைத்தான் என்று இரண்டு சாமுவேல் பதினாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த வசனத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்தப் பட்டியலில் பத்சேபாள் பத்சுவாள் என்ற பேரில் வருகிறாள், நாலு பிள்ளைகளோடு. ஏழாம் நாளில் செத்துப்போன முதல் குழந்தை இதில் இல்லை. அதற்குப் பேர் எழுதப்படவே இல்லை. குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது அது சுருக்கென்று தைக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் அன்றைக்குப் புஸ்தகத்தை மூடிவிட்டேன். மூடலாம், தப்பில்லை. திரும்பத் திறக்கும்போது பட்டியலிலிருந்து தொடங்காமல் இரண்டு சாமுவேல் 12:23இல், தகப்பன் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்குங்கள்.

நாளாகமம் மூன்றாம் அதிகாரம் 17ஆம் வசனத்தில் எகொனியா, அதாவது யோயாக்கீன். பதினெட்டு வயதில் ராஜாவாகி மூன்று மாதத்தில் கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவன். “சந்தானமற்றவன் என்று எழுதுங்கள்” என்று எரேமியா 22:30இல் இவனைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது. எழுதச் சொன்னது ஒன்று, நாளாகமக்காரர் எழுதி வைத்திருப்பதோ பிள்ளைகளின் பேர்களை வரிசையாக. முரண்பாடு என்று பதறாமல் எரேமியாவின் வசனத்தைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். இவன் சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரமாட்டான் என்பதுதான் அதன் பொருள். அது அப்படியே நடந்தது. பேரன் செருபாபேல் யூதாவின் தலைவனாகத்தான் திரும்பி வந்தான், ராஜாவாக அல்ல. இந்த வீட்டைப் பற்றி வேதத்துக்கு வெளியேயும் ஒரு சாட்சி இருக்கிறது. பாபிலோனில் ஜெர்மானியர்கள் தோண்டியபோது அரண்மனைக் கட்டடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. 1939இல் அவற்றின் வாசகம் வெளியானது. படி அளந்த கணக்கு அது. கி.மு. 592ஆம் வருஷத்துப் பலகையில் யூதாவின் ராஜா யோயாக்கீனின் பேரும், அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டரை சிலா எண்ணெய் என்றும் இருக்கிறது. ஒரு சிலா என்பது ஒரு லிட்டருக்குள்தான். ஆளுக்கு அரை சிலா. சிங்காசனம் போன வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து ஊற்றியதை எவனோ ஒரு கணக்கன் குறித்து வைத்திருக்கிறான்.

நாலாம் அதிகாரத்து யாபேஸின் ஜெபம் எல்லாருக்கும் தெரியும், காலண்டரில்கூட அச்சிடுகிறார்கள். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சிடுவதில்லை. துக்கத்தோடே பெற்றேன் என்று சொல்லி அவன் தாய் அவனுக்கு அந்தப் பேரை வைத்தாள். அவனுக்குத் தகப்பன் பேர் சொல்லப்படவில்லை. இப்படி “ஆகையால் இந்தப் பேரிட்டாள்” என்று வருகிற இடங்களில் எபிரேய மூலத்தில் பேரும் காரணமும் ஒரே ஓசையாக இருக்கும். தமிழில் அது கேட்காது. ஆகவே காரணம் சொல்கிற பாதியை அழுத்தி வாசிக்க வேண்டும். எரிகோவில் எடுக்கக் கூடாததை எடுத்து இஸ்ரவேலைக் கலங்கப்பண்ணின ஆகானுக்கும் இப்படித்தான். யோசுவாவில் ஆகான் என்று இருக்கிறவனை நாளாகமம் 2:7 ஆகார் என்று எழுதும். கலங்கப்பண்ணுகிறவன் என்ற சொல்லின் ஓசை அது. அவன் செய்ததையே அவனுக்குப் பேராக்கிவிட்டார்கள், ஆனாலும் யூதாவின் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் ரூபனுக்கும் அதே நிலை. தகப்பனின் மஞ்சத்தைத் தீட்டுப்படுத்தியதால் சேஷ்டபுத்திரபாகம் (மூத்த மகனுக்குரிய பங்கு) போனது என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அவன் பிள்ளைகளை எழுதுகிறார்கள்.

ஆறாம் அதிகாரம் 81 வசனம், ஆலய ஊழியத்துக்குரிய கோத்திரமான லேவியர். பெரும்பாலும் ஆள் மாற்றி ஆள், வேகமாகவே போகலாம். 28ஆம் வசனத்திலும் 33ஆம் வசனத்திலும் மட்டும் நில்லுங்கள். 28இல் சாமுவேலின் மூத்த மகன் பேர் வஷ்னீ என்று பழைய திருப்புதலில் இருக்கும். எபிரேயத்தில் அது “இரண்டாமவன்” என்ற சொல். யோவேல் என்ற பேர் படியெடுக்கும்போது விழுந்துபோனது. இந்த யோவேல்தான் தம்பி அபியாவோடு பெயெர்செபாவில் நியாயாதிபதியாக இருந்து பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டினவன். அவனைக் காட்டித்தான் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். 33ஆம் வசனம் சொல்கிறது, ஆலயப் பாடகர்களின் தலைவன் ஏமான் இந்த யோவேலின் மகன், சாமுவேலின் பேரன். அதே வரிசையில் இன்னும் மேலே போனால் 37ஆம் வசனத்தில் கோராகு, மோசேக்கு விரோதமாக எழும்பினவன். கோராகின் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26:11இல் ஒரே ஒரு சின்ன வசனம் இருக்கிறது. அந்த ஒரு வசனத்தின் வழியாகத்தான் சாமுவேலும் ஏமானும் வந்தார்கள். பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று தலைகுனிந்து இருக்கிற பெற்றோரிடம் சாமுவேலின் தோல்வியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தாத்தா, தகப்பன், மகன் என்று மூன்று பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த அதிகாரங்களில் என் மனதில் ஆழமாக நிற்கிறது ஏழாம் அதிகாரம் 20 முதல் 24. யோசேப்பு தன் இரண்டாவது மகனுக்கு எப்பிராயீம் என்று பேர் வைத்தபோது, நான் சிறுமைப்பட்ட தேசத்தில் தேவன் என்னைப் பலுகப்பண்ணினார் என்றான். பலுகுதல், அதாவது பெருகுதல், என்று பேர் வாங்கினவன் பிள்ளைகளைப் பறிகொடுத்தான். அவன் பிள்ளைகள் காத் ஊராரின் ஆடுமாடுகளைப் பிடிக்கப் போய் அங்கே கொல்லப்பட்டார்கள். எகிப்தில் பிறந்தவனின் பிள்ளைகள் காத்துக்கு எப்படிப் போனார்கள் என்று விளக்கவுரைகளில் பக்கம் பக்கமாக இருக்கும். துக்கத்தில் வாசிக்கிறவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் செத்தது நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் இல்லை. அடுத்தவன் மாட்டைப் பிடிக்கப் போய்ச் செத்தார்கள். அப்படிச் செத்தவர்களுக்காகவும் தகப்பன் அநேக நாள் துக்கங்கொண்டாடினான், சகோதரர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதப்படவில்லை, வந்தார்கள் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தவன் வீட்டுக்கோ, தற்கொலை நடந்த வீட்டுக்கோ போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த வசனம் பதில்.

பிறகு அவன் மனைவி ஒரு பிள்ளையைப் பெற்றாள். வீட்டுக்குத் தீங்கு உண்டானதால் அந்தப் பிள்ளைக்குப் பெரீயா என்று பேர். “தீங்கில்” என்று பொருள்படும் ஓசை. ஆறுதல் என்றோ, ஈடு என்றோ வைக்கவில்லை. துக்க வீட்டில் “இன்னொரு பிள்ளை பிறக்கும், எல்லாம் சரியாகும்” என்று சொல்லி இந்த வசனத்தை வாக்குத்தத்தமாக எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. எனக்கும் கொடுத்தார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. புதிதாய்ப் பிறந்தவனைக் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் போனவர்கள் அந்தப் பேரில் இருந்தார்கள். 24ஆம் வசனத்தில் மகள் சேராள், கீழும் மேலுமான பெத்தொரோனைக் கட்டினவள். பட்டணம் கட்டினவள் என்று இந்தப் பட்டியலில் ஒரு பெண்ணைச் சொல்வது இங்கேதான். 27ஆம் வசனத்தில் அந்த வம்சம் யோசுவாவிடம் வருகிறது. யோசுவா எமோரியரைத் துரத்தினது அதே பெத்தொரோன் இறக்கத்தில். எருசலேமுக்கு வடமேற்கே மலைச்சரிவில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இன்றைக்கும் அந்த இரண்டு ஊரும் இருக்கின்றன.

குடும்ப ஜெபத்தில் இந்தப் பகுதியை வாசிப்பதென்றால் முழு அதிகாரத்தையும் எடுக்க வேண்டாம், 20 முதல் 27 வரை போதும், சத்தமாக வாசித்தால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பேர்களை வாய்க்கு வந்தபடி தடுக்கித் தடுக்கி வாசிக்காமல் இருக்க முந்தின நாளே இரண்டு முறை தனியாக வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 22ஆம் வசனத்தின் முடிவில், சகோதரர் ஆறுதல் சொல்ல வந்தார்கள் என்ற இடத்தில், கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் யாராவது இறந்துபோனவரின் பேரைச் சொல்வார்கள். சொல்லட்டும். பிறகு 23ஐ வாசிக்கலாம்.